பிரஷர் ஏறினால் போதுமா?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியோ, நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் ஐசியூ வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் டாக்டர் வெளியே வந்ததும் கேட்பது ஒன்றைத்தான்: "பிரஷர் ஏறிடுச்சுங்களா?" உள்ளே படுத்திருப்பவருக்கு 'ரத்தத்துல விஷம் கலந்துடுச்சு' என்று சொல்லியிருப்பார்கள். மருத்துவர்கள் அதை செப்சிஸ் என்பார்கள். ரத்த அழுத்தமும் சரிந்து விழுந்துவிட்டால் அது செப்டிக் ஷாக்.

இந்தப் பகுதியில் அது பல வாசல்கள் வழியே வருகிறது. சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத ஒரு புண், வயதானவரின் சிறுநீர்த் தொற்று, பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சல், நிமோனியா, புதர்க்காட்டுச் சிற்றுண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல் என்று எதுவும் காரணமாகலாம். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் 794 தீவிர உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2023இல் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசி வழியே கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று அது காட்டியது. உலக அளவிலான கணக்கீடு ஒன்றின்படி 2017இல் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

2016இல் உலக வல்லுநர் குழு ஒன்று செப்டிக் ஷாக்கை வரையறுத்தது. போதுமான அளவு திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவில் நிறுத்த மருந்து தேவைப்பட வேண்டும். ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் இறப்பு 40 சதவீதத்துக்கும் மேல் என்று அந்தக் குழு பார்த்த தரவுகள் காட்டின. அந்த 65 என்ற எண்ணை எட்டுவதுதான் முதல் சில மணி நேரப் போராட்டம். உறவினர்களின் கேள்வியும் மருத்துவரின் கவலையும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

ஆனால் அந்த எண்ணை உருவாக்குவது இதயம் மட்டுமில்லை. இதயம் தள்ளுகிறது, தமனிகள் எதிர்த்து நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து உண்டாக்குவதுதான் ரத்த அழுத்தம். போர்வெல் மோட்டாரிலிருந்து சொட்டுநீர்க் குழாய்க்குத் தண்ணீர் விடும் விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும். கேஜில் முள் இறங்கினால் மோட்டாரையும் பார்ப்பார், குழாய் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்றும் பார்ப்பார். கேட் வால்வைத் திருகி மூடினால் முள் உடனே ஏறும். கடைசி வரிசை மரவள்ளிக்குத் தண்ணீர் போகாது.

செப்டிக் ஷாக்கில் இரண்டு பக்கமும் கெடுகிறது. கிருமிக்கு எதிராக உடல் எழுப்பும் அழற்சியில் நைட்ரிக் ஆக்ஸைடு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தமனிச் சுவரின் தசை தளர்ந்துபோகிறது, நரம்புகளும் ஹார்மோன்களும் இடும் கட்டளைக்கு அது முன்போல இறுகுவதில்லை. அதே அழற்சிப் பொருள்கள் இதயத் தசையையும் தாக்குகின்றன. அட்ரினலினுக்கு அதன் பதில் மங்குகிறது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறுகிறது. எந்த நோயாளிக்கு எந்தப் பக்கம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளிடம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

கையால் தொட்டுப் பார்த்தே இதைப் பிரித்துவிடலாம் என்று வெகுகாலம் நம்பினார்கள். கைகால் சில்லிட்டிருந்தால் தமனிகள் இறுகியிருக்கின்றன, இதயம்தான் தளர்ந்தது; கதகதப்பாக இருந்தால் தமனிகள் தளர்ந்துவிட்டன. குழந்தைகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களும் இதையொட்டியே மருந்தைப் பிரித்தன: குளிர் ஷாக்குக்கு அட்ரினலின், வெப்ப ஷாக்குக்கு நார்அட்ரினலின்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது. அப்போலோ குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா ரஞ்சித்தும் அவருடைய குழுவினரும் செப்டிக் ஷாக்கில் இருந்த 48 குழந்தைகளை, கையால் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தமனிக்குள் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை நேரடியாக அளந்தும், படுக்கையருகே எக்கோ எடுத்தும் கவனித்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. 48 பேரில் 41 பேருக்குத் தமனிகள் தளர்ந்திருந்தன. தொட்டுப் பார்த்தபோது 'குளிர் ஷாக்' என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் 14 பேர் இந்த 41க்குள் இருந்தார்கள். கை சில்லிட்டிருந்தது, உள்ளே தமனி தளர்ந்திருந்தது. எக்கோவில் 19 குழந்தைகளுக்கு இதயத்தின் வேலை குறைந்திருந்தது தெரிந்தது. புதிய கருவி எதையும் கண்டுபிடிக்காமல், இருந்த கருவிகளை ஒரே நேரத்தில் ஒரே படுக்கையருகே சேர்த்துப் பார்த்ததுதான் இந்த ஆய்வின் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

தமனிக் குழாய் என்ன சொல்கிறது? மேல் அழுத்தம் 88 உள்ள இரண்டு பெரியவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 88/36, மற்றவருக்கு 88/66. இதயம் ஓய்ந்து நிரம்பும் வேளையில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது தமனிகள் மட்டுமே. தளர்ந்த தமனியிலிருந்து ரத்தம் சடசடவென்று வழிந்துவிடும், கீழ் எண் 36க்கு விழும். அவருக்கு மேலும் கீழும் உள்ள இடைவெளி 52. இதயம் ஒரு துடிப்பில் ஓரளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதற்கான அடையாளம் அது. இரண்டாமவருக்குத் தமனிகள் இன்னும் இறுக்கமாக நிற்கின்றன, ஆனால் இடைவெளி வெறும் 22. அவருடைய இதயம் தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே வந்து சேரும் ரத்தமே போதாமல் இருக்கலாம். மேல் எண்ணை மட்டும் கேட்டால் இருவரும் ஒன்றுதான். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: வயதானவர்களின் பெருந்தமனி விறைத்துப்போயிருக்கும், அவர்களுக்குக் குறைந்த ரத்தம் வெளியேறினாலும் இடைவெளி அகலமாகத் தெரியும். அதனால்தான் எக்கோவும் கூடவே தேவைப்படுகிறது.

இந்த இரண்டு பக்கங்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வழி செய்தது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஜப்பானிய ஆய்வாளர்கள். 1970களின் தொடக்கத்தில் ஹிரோயுகி சுகாவும் கியிச்சி சகாவாவும் நாயின் இதயத்தைத் தனியே எடுத்து இயக்கி, ஒவ்வொரு துடிப்பிலும் அதன் கொள்ளளவும் அழுத்தமும் எப்படி மாறுகின்றன என்று வரைந்தார்கள். இதயம் சுருங்கி முடிக்கும் தருணத்தின் புள்ளிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழுந்தன. கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வலுவான இதயம். இதை 'இதய வலு' என்று வைத்துக்கொள்வோம். 1983இல் கென்ஜி சுனகாவா உள்ளிட்டோர் தமனிப் பக்கத்தையும் அதே அலகில் எழுதிக் காட்டினார்கள்: வெளியேறும் ஒவ்வொரு மில்லி ரத்தத்துக்கும் தமனியில் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்ற கணக்கு அது. இதை 'தமனிச் சுமை' என்போம். சுமையை வலுவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கிறது. ஆரோக்கியமானவரிடம் அது 1க்குப் பக்கத்திலோ சற்றுக் குறைவாகவோ இருக்கும். 1க்கு மேலே போகப் போக, தள்ளுகிறவனால் தாங்க முடியாத சுமை என்று பொருள்.

கணக்கு கடினமில்லை. மேல் அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்தால், இதயம் சுருங்கி முடிக்கும் தருணத்தின் அழுத்தம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர்: மேல் அழுத்தம் 120, நிரம்பிய இதயத்தில் 120 மி.லி., வெளியேறுவது 70, மிஞ்சுவது 50. முடிவழுத்தம் 108. சுமை 108ஐ 70ஆல் வகுத்தால் 1.5. வலு, எளிய முறையில், 108ஐ 50ஆல் வகுத்தால் 2.2. விகிதம் 0.7.

இப்போது செப்டிக் ஷாக்கில் ஒருவர். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை. மேல் அழுத்தம் 80, நாடி 120. நிரம்பிய இதயத்தில் அதே 120 மி.லி., வெளியேறுவது 40, மிஞ்சுவது 80. முடிவழுத்தம் 72. சுமை 1.8, வலு 0.9, விகிதம் 2. நிமிடத்துக்கு 4.8 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இவருடைய தமனிகள் தளர்ந்துதான் இருக்கின்றன, ஆனாலும் சுமை ஆரோக்கியமானவரைவிடக் கூடுதல். காரணம் நாடி. நிமிடத்துக்கு 120 முறை அடிக்கும்போது, முந்தைய துடிப்பின் ரத்தம் தமனியிலிருந்து வடிய நேரம் கிடைப்பதில்லை. வேகமான நாடியே ஒரு சுமை.

இவருக்கு நார்அட்ரினலினைக் கூட்டி, தமனியை மட்டும் இறுக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 80இலிருந்து 90 ஆகிறது. வாசலில் நிற்பவர்களுக்கு நல்ல சேதி. ஆனால் வலு அதே 0.9 என்றால், முடிவழுத்தம் 81ஐ எதிர்த்து இதயத்தால் 90 மி.லி.க்குக் கீழே சுருங்க முடியாது. வெளியேறுவது 30 மி.லி.தான். நிமிட ஓட்டம் 4.8 லிட்டரிலிருந்து 3.6க்கு இறங்கிவிட்டது. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் கல்லீரலுக்கும் முன்னைவிடக் குறைந்த ரத்தம். அதற்குப் பதிலாக டோபுடமின் போன்ற மருந்தால் வலுவை 1.2 ஆக உயர்த்தி, சுமையை அப்படியே விட்டால், வெளியேறுவது 48 மி.லி.; ஓட்டம் 5.8 லிட்டர், மேல் அழுத்தம் 96. முன்னதைவிட அழுத்தமும் கூடுதல், ஓட்டமும் கூடுதல்.

இதே 80 அழுத்தத்தோடு வரும் இன்னொருவருக்கு இதயம் நன்றாக இருக்கிறது, 120இல் 80 மி.லி.யை வெளியேற்றுகிறது. அவருக்குச் சுமை 0.9, வலு 1.8. நார்அட்ரினலின் கொடுத்து சுமையை 1.5 ஆக்கினால் அழுத்தம் 109க்கு ஏறும், ஓட்டமும் போதிய அளவில் நிற்கும். இவருக்கு அது உயிர்காக்கும் மருந்து. பெரும்பாலான நோயாளிகளுக்கு முதலில் நார்அட்ரினலின் என்று உலக வழிகாட்டுதல் சொல்வதில் தவறேதும் இல்லை. உண்மையான உடலில் அது சிரைகளில் தேங்கிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, இதயத்தைச் சிறிது தூண்டவும் செய்கிறது, கீழ் அழுத்தத்தை உயர்த்தி இதயத் தசைக்கே ரத்தம் கிடைக்கச் செய்கிறது. என் கணக்கு காட்டுவது ஓர் ஓரத்தை: இதயம் தளர்ந்தவரிடம் அந்த மருந்தை ஏற்றிக்கொண்டே போகும்போது என்ன நடக்கும் என்பதை.

கணக்கைத் தாண்டி உண்மையிலும் இது நடந்திருக்கிறது. செப்டிக் ஷாக்கில் தமனியைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்ஸைடு என்று தெரிந்ததும், அது உருவாவதையே தடுக்கும் ஒரு மருந்தைத் தயாரித்தார்கள். 797 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2004இல் வெளியானது. மருந்து வேலை செய்தது, அழுத்தம் ஏறியது. 28 நாள் முடிவில் மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 49 சதவீதம். சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கூடுதலாக இறந்தவர்களில் பலர் இதயமும் ரத்த ஓட்டமும் தோற்று இறந்தவர்கள். பிரஷர் ஏறினால் போதும் என்ற எண்ணத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

விகிதத்தை நோயாளியிடம் அளப்பது முன்பு நடக்காத காரியம். இதயத்துக்குள் சிறப்புக் குழாய் செலுத்தி, பெருஞ்சிரையை பலூனால் சில நொடிகள் அடைத்துப் பார்க்க வேண்டும். ஷாக்கில் இருப்பவரிடம் யார் அதைச் செய்வார்கள்? 2001இல் சென்-ஹுவான் சென், டேவிட் காஸ் உள்ளிட்டோர் ஒரே துடிப்பிலிருந்து இதய வலுவைக் கணிக்கும் முறையைத் தந்தார்கள். கைப்பட்டையில் எடுத்த ரத்த அழுத்தம், எக்கோவில் தெரியும் வெளியேற்ற அளவும் விகிதமும், வால்வு திறப்பதற்கு முன்னும் மூடும் வரையும் ஆகும் நேரம்: இவ்வளவு போதும். இதைக் கொண்டு இத்தாலியின் பீசா நகரில் ஃபபியோ குவாரசினோவின் குழு செப்டிக் ஷாக் நோயாளிகள் 25 பேரை அளந்தது. 2014இல், சென்னை ஆய்வு வந்த அதே ஆண்டில், முடிவு வெளியானது: 25 பேரில் 21 பேருக்கு இதயமும் தமனியும் பொருந்தாமல் போயிருந்தன.

எக்கோ அறிக்கையில் 'இ.எஃப்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். நிரம்பியதில் எவ்வளவு வெளியேறுகிறது என்ற விகிதம் அது. 60 என்றால் இதயம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பார்த்தால் தெரியும், இ.எஃப். இதயத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மிஞ்சுவதை வெளியேறுவதால் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட அதே சுமை-வலு விகிதம்தான். இ.எஃப். 60 என்றால் விகிதம் 0.67, 40 என்றால் 1.5. அதாவது, தமனி மிகவும் தளர்ந்திருந்தால் நோயுற்ற இதயம்கூட எதிர்ப்பில்லாமல் சுலபமாகக் காலியாகி, இ.எஃப். 60 என்று காட்டும். மருந்து கொடுத்துத் தமனியை இறுக்கிய பிறகு அதே இதயம் 35க்கு விழும். புதிதாகக் கெட்டுப்போனது போலத் தோன்றும். முன்பே கெட்டிருந்தது இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

1984இல் மார்கரெட் பார்க்கரும் அவரோடு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தவர்களும் கண்ட ஒரு புதிருக்கும் இது வெளிச்சம் தருகிறது. செப்டிக் ஷாக் நோயாளிகள் 20 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, பிழைத்தவர்களின் இதயம்தான் முதல் நாள்களில் விரிந்து, இ.எஃப். குறைந்து காணப்பட்டது. இறந்தவர்களுக்கு அது அப்படிக் குறையவில்லை. தளர்ந்த இதயம் நல்லது என்றா பொருள்? இறந்தவர்களின் தமனிகள் அடியோடு தளர்ந்திருந்ததால் அவர்களுடைய இ.எஃப். நன்றாகத் தெரிந்தது என்பது பொருத்தமான விளக்கம்.

சுமை-வலு விகிதத்தைச் சரிசெய்வதற்காக அவசரப்பட்டு மருந்து கொடுப்பதும் ஆபத்து. வேகமான நாடியே சுமை என்றால் அதைக் குறைத்துப் பார்க்கலாமே என்று ரோம் நகரில் 154 பேருக்கு எஸ்மோலால் கொடுத்துப் பார்த்தார்கள்; 2013இல் வந்த முடிவு வியக்கும்படி நன்றாக இருந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தோடு பிரிட்டனில் நடந்த சோதனை 126 பேரோடு நிறுத்தப்பட்டது, தீங்கு நேரலாம் என்று தோன்றியதால். ஏறிய நாடி சிலருக்குச் சுமை, சிலருக்கு அதுதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கயிறு. ஒரே துடிப்பில் கணிக்கும் முறைக்கும் குறைகள் உண்டு. நாடி ஒழுங்கற்று அடிப்பவரிடம் அது துடிப்புக்குத் துடிப்பு மாறும். நேரத்தை அளப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும் விடை நகர்ந்துவிடும். இந்த விகிதத்தைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தால் கூடுதலானோர் பிழைக்கிறார்கள் என்று எந்தப் பெரிய சோதனையும் இதுவரை நிறுவவில்லை.

எனவே மாவட்ட மருத்துவமனை ஐசியூவில் விகிதக் கணக்கைவிட அதன் பின்னாலிருக்கும் சிந்தனையே முதலில் வர வேண்டும். 2025இல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக்-2 என்ற சோதனை இந்த வழியில்தான் போனது. 19 நாடுகளில் சுமார் 1,500 நோயாளிகள். விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் 10 நொடி அழுத்தி வெளுக்க வைத்து, விட்டதும் எத்தனை நொடியில் நிறம் திரும்புகிறது என்று பார்த்தார்கள். 3 நொடியைத் தாண்டினால் நுண்குழாய்களில் ஓட்டம் போதவில்லை. அதன் பிறகு மேல் கீழ் இடைவெளி 40க்குக் குறைவா, கீழ் அழுத்தம் 50க்குக் குறைவா என்று பார்த்து, தேவைப்பட்டால் எக்கோ எடுத்து, திரவமா, தமனியை இறுக்கும் மருந்தா, இதயத்தைத் தூண்டும் மருந்தா என்று முடிவு செய்தார்கள். இறப்பு குறையவில்லை. ஆனால் மருந்தும் வென்டிலேட்டரும் டயாலிசிஸும் தேவைப்பட்ட காலம் சுருங்கியது. வாடகைக் காரில் ஆத்தூரிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ வந்து, நிலத்தை அடகு வைத்து நாள்கணக்கில் ஐசியூ கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

கண்ணாடித் துண்டு, நொடிமுள் உள்ள கடிகாரம், கீழ் எண்ணையும் இடைவெளியையும் மணிக்கு மணி எழுத சார்ட்டில் இரண்டு கூடுதல் கட்டங்கள்: இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. எக்கோ இயந்திரம் பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அதை எடுத்துப் பார்க்கத் தெரிந்த கைதான் குறைவு. நார்அட்ரினலின் கூட்டுவதற்கு முன் ஒரு முறை, கூட்டிய ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை எக்கோ எடுத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பயிற்சி மருத்துவர்களுக்கும் பழக்கிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதெல்லாம் நேரம் வாங்கித் தருகிற வேலை. அந்த நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும், சீழ் இருந்தால் திறந்து வடிக்க வேண்டும், அடைத்த சிறுநீர்ப் பாதையைத் திறக்க வேண்டும். கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி, கால்நடைத் தீவனத்தில் கலப்பதற்கு 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்ததற்கும், முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல்லின் ஐசியூவுக்கும் உள்ள உறவு அங்கேதான் இருக்கிறது: கிருமி மருந்துக்கு அடங்காவிட்டால், இதயத்தையும் தமனியையும் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அந்த நேரம் வீணாகும்.

பார்க்கரின் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பிழைத்தவர்களின் இதயம் சுமார் 10 நாளில் பழைய நிலைக்குத் திரும்பியது. செப்சிஸில் இதயத் தசை பெரும்பாலும் செத்துப்போவதில்லை, வேலையை நிறுத்திவைக்கிறது. எனவே ஐசியூவில் இ.எஃப். 35 என்று எழுதப்பட்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு, பிழைத்து வீடு திரும்பும் நாற்பது வயது லாரி ஓட்டுநரை ஆயுள் முழுக்க இதய நோயாளி என்று முடிவுகட்டி, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு முன்பும், பிறகு சில வாரம் கழித்தும் எக்கோவை மறுபடி எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு எண் ஏறியிருக்கும். ஏறாமல் நின்றவருக்குத்தான் ரத்தக்குழாய் அடைப்போ முன்பே இருந்த வேறு இதய நோயோ உண்டா என்று தேட வேண்டும்.